அக்காவின் இரண்டு ஃபண்டும் கெலிஓயாவின் பத்துப் பேர்ச்சும்

உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் எடுத்து ஜப்பானில் கார் செய்கிற கம்பனியில் போடுவீர்களா, இல்லை அமெரிக்காவில் வீடு வாங்கி முப்பது வருடம் தவணை கட்டப்போகிற முகம் தெரியாத ஒருவருக்குக் கடனாகக் கொடுப்பீர்களா?

கொஞ்சம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. அக்கா கேட்டவுடனே பதில் சொல்லக் கிளம்பிவிட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் முகாமைத்துவப் படிப்பு, நிதிப் பாடத்தில் பி தரம். அந்த பி-யை வைத்து இதுவரை நான் ஒரு ரூபாய்கூட முதலீடு செய்ததில்லை என்பது வேறு விடயம்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அதே பேராதனையில் விஞ்ஞானம் படித்து, புலமைப்பரிசிலில் அமெரிக்கா போய், பி.எச்.டி. முடித்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எலிகளோடு வேலையும் எடுத்துவிட்டாள். வேலையோடு ஓய்வூதியத் திட்டம் ஒன்றும் சேர்ந்து வந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், பல்கலைக்கழகமும் ஓர் அளவு வரைக்கும் அதே தொகையைப் போடும். இதுவரைக்கும் நம்ம ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி மாதிரிதான். ஆனால் ஈ.பி.எஃப். பிடிக்கும்போது யாரும் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. பிடிப்பார்கள், போடுவார்கள், எப்போதாவது கணக்கு மீதி என்று ஒரு தாள் வரும். அங்கே அப்படி இல்லை. காசை எந்த ஃபண்டில் போடுவது என்று அக்காவே சொல்ல வேண்டும். அதுவரை பிடித்ததெல்லாம் ஒரு தற்காலிகக் கணக்கில் கிடந்தது. இரண்டு வாரத்துக்குள் சொல்லாவிட்டால் அவர்களே எதிலாவது போட்டுவிடுவார்களாம்.

இருபது இருபத்தைந்து ஃபண்ட் இருந்த பட்டியலில், கூட வேலை செய்யும் ஒருத்தி இரண்டை வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று சர்வதேசப் பங்கு ஃபண்ட். மற்றது வீட்டுக்கடன் பிணைமுறி ஃபண்ட். அக்காவின் வொய்ஸ் மெசேஜ் நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது வந்தது.

"ஏய், நீ தானேடி பெரிய ஃபினான்ஸ் ஆளு. ரெண்டுல எதுன்னு பாத்துச் சொல்லு. எனக்கு எலியப் பாக்கவே நேரம் பத்தல."

இந்த இரண்டு வாரத்தில் என்ன பணயத்தில் இருந்தது என்று உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. கெலிஓயாவில், கம்பளை ரோட்டை ஒட்டி, பத்துப் பேர்ச் காணி, ஒரு வீடும் சின்ன முற்றமும் அடங்கும் அளவு. அக்காவும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் வீடு கட்ட ஆசைப்பட்ட இடம். அவர் கலகெதரப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். காணிக்காரர் அடுத்த வருடக் கலியாணம் வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குள் முற்பணம் தந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். இது எல்லாம் எனக்குத் தெரியும். அந்த முற்பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் தெரியாது. நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் இருக்கிறாள், டொலர் சேர்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கண்டி டவுனில், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றின் படிவங்களைச் சரிபார்க்கிற ஒபிஸில் வேலை செய்கிறேன். லஞ்ச் நேரத்தில் அக்கா அனுப்பிய கையேட்டைத் திறந்தேன். அறுபத்து எட்டுப் பக்கம். ஒபிஸ் பிரிண்டரில் அறுபத்து எட்டுப் பக்கம் அடித்தால் மறுநாளே கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஃபண்டுகளைப் பற்றிய பகுதி பன்னிரண்டாம் பக்கத்தோடு முடிந்தது. பன்னிரண்டு பக்கத்தை அடித்து பேக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சம் எல்லாம் சட்டம், விதிமுறை, கையெழுத்து. அதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்.

வீட்டில் எனக்கு மேசை கிடையாது. அம்மாவின் தையல் மெசினை உள்ளே மடக்கி, மேல்பலகையில் லெப்டொப்பை வைத்துத்தான் எல்லா வேலையும். அம்மா கலியாணத்துக்கு முன்னால் கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஒபிஸில் கிளார்க்காக இருந்தவர். அப்பா போன பிறகு இந்த மெசின்தான் எங்களைப் படிக்கவைத்தது. இப்போதும் ஸ்கூல் யூனிஃபோர்ம் தைக்கிறார். ஆகவே எனக்கு மேசை கிடைப்பது அம்மா வேலையை முடித்த பிறகுதான், அதற்குள் அம்மாவுக்கும் கதை கேட்க நேரம் வந்துவிடும்.

முதலில் பங்கு ஃபண்ட். சர்வதேசம் என்றால் அவர்களுக்கு அமெரிக்காவைத் தவிர்த்த உலகம். சுவிஸ் மருந்துக் கம்பனி, ஜப்பான் கார் கம்பனி, தைவானில் சிப் செய்கிறவன், பிரான்ஸில் ஹேண்ட்பேக் செய்கிறவன், கொஞ்சம் இந்தியா. ஸ்ரீலங்கா இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஒரு புள்ளிக்குக்கூட இல்லை. அக்காவின் காசு உலகம் முழுக்கச் சுற்றும், வீட்டுக்கு மட்டும் வராது என்று அம்மாவிடம் சொன்னேன். தேயிலைக் கம்பனி ஏதும் இருக்கிறதா என்று அம்மா கேட்டார். சவர்க்காரமும் தேயிலைப் பக்கட்டும் விற்கிற ஐரோப்பியக் கம்பனி ஒன்று நடுவில் கிடந்தது. அது போதும், நாம கொழுந்து எடுத்துக் குடுத்தது வீண்போகல என்றார். அம்மாவுக்கு அந்த ஃபண்ட் பிடித்துவிட்டது.

இது ஏறும், இறங்கும். ஒரு வருடம் நன்றாக ஏறும், அடுத்த வருடம் மூஞ்சியில் அடிக்கும். அந்தந்த நாட்டுப் பங்கு விலை ஒரு பக்கம் என்றால், அந்தந்த நாட்டுக் காசுக்கும் டொலருக்கும் நடக்கிற இழுபறி இன்னொரு பக்கம். பராமரிப்புக் கட்டணமும் மற்றதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் நீண்ட காலம் காத்திருக்க முடிந்தால் வளர்ச்சிக்கு இடம் இருக்கிறது.

அடுத்தது வீட்டுக்கடன் ஃபண்ட். பிணைமுறி என்ற சொல்லுக்கே எங்கள் வீட்டில் நல்ல பெயர் இல்லை. டிவி நியூஸில் மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி என்று கேட்டுக் கேட்டு, அது ஏதோ களவுக்குப் பெயர் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நான் விளக்கினேன். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வீட்டுக்குக் கடன் எடுக்கிறார்கள். அந்தக் கடன்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, துண்டு துண்டாக விற்கிறார்கள். துண்டு வாங்கியவனுக்கு அவர்கள் கட்டும் தவணையில் பங்கு மாதாமாதம் வரும்.

"கட்டலன்னா?" என்றார் அம்மா.

இந்த ஃபண்டில் இருப்பதில் பெரும்பகுதிக்கு அரசாங்கத்தோடு சேர்ந்த நிறுவனங்கள் பொறுப்பு நிற்கின்றன, ஆள் கட்டாவிட்டாலும் காசு வரும் என்றேன்.

"அந்த அரசாங்கமே கட்டலன்னா?"

வேறு நாட்டில் இது பகிடி. நம் நாட்டில் இது அனுபவம். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

உண்மையில் இந்த ஃபண்டில் பயப்பட வேண்டிய விடயம் ஆள் கட்டாமல் ஓடுவது அல்ல. ஆள் சீக்கிரமாகக் கட்டி முடிப்பதுதான். பன்னிரண்டு பக்கத்திலும் இதை ஏதேதோ பெரிய சொல்லில் எழுதியிருந்தார்கள், எனக்கு உடனே பிலிமத்தலாவை மாமா ஞாபகம் வந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி, பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். வட்டி உச்சத்தில் நின்ற அந்தக் கெட்ட வருடத்தில் கடைக்கு மேலே வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை பாதியில் நின்றது. மழைக்கு விட முடியாமல், கேட்ட வட்டிக்கு, ஐந்து வருடத்துக்கு மாறாத வட்டியில் கடன் எடுத்தார். பிறகு வட்டி மளமளவென்று இறங்கியது. இன்னொரு பேங்க் பாதி வட்டிக்குத் தருகிறேன் என்றது. பழைய கடனை முழுசாக அடைக்க மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், படிவமெல்லாம் இங்கிலிஷில் என்பதற்காக. கவுண்டரில் டை கட்டிய ஒருவர், என் வயதுதான் இருக்கும், ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. உங்களை மாதிரி ஒழுங்காகக் கட்டுகிற ஆட்கள்தான் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். காசு முழுசாகக் கைக்கு வருகிறது, ஆனால் அவர் முகம் செத்த வீட்டு முகம். அந்தக் காசை இனி அவர்கள் குறைந்த வட்டிக்குத்தான் யாருக்காவது கொடுக்க வேண்டும்.

அந்த முகம்தான் இந்த ஃபண்ட். வட்டி இறங்கினால் அமெரிக்காவில் உள்ள மாமாமார் எல்லாரும் பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடனுக்கு ஓடுவார்கள். வட்டி ஏறினால் ஒருத்தனும் அசையமாட்டான், பழைய குறைந்த வட்டியோடு நம்மைக் கட்டிப்போட்டு வைப்பான், நம் துண்டின் விலையும் சந்தையில் இறங்கும். இந்தத் தொல்லைக்காகத்தான் சாதாரண அரசாங்கப் பிணைமுறியைவிடக் கொஞ்சம் கூட வட்டி. மற்றபடி பங்கு ஃபண்ட் அளவுக்கு ஆட்டம் கிடையாது. மாதாமாதம் ஏதோ வரும்.

இதையெல்லாம் அக்காவுக்கு வரைபடம் போட்டு அனுப்பினேன். அங்கேதான் முதல் பிழை. அக்கா செலவழிக்கப்போவது ரூபாயில்தானே என்று இரண்டு ஃபண்டையும் ரூபாய்க்கு மாற்றிக் கோடு போட்டேன். டொலர் எகிறிய வருடத்தில் இரண்டு கோடும் ஹந்தானை மலை மாதிரி நிமிர்ந்து நின்றன. வீட்டுக்கடன் ஃபண்ட்கூட அவ்வளவு ஏறியிருந்தது. ரெண்டுமே செம, எதில் போட்டாலும் வெற்றி என்று கீழே எழுதி, ரொக்கட் படமும் போட்டேன்.

அக்கா பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள். ஆய்வுகூடத்தில் எதை அளந்தாலும், ஒன்றும் செய்யாமல் விட்ட எலி ஒன்றையும் பக்கத்தில் வைத்து அளப்பார்களாம்.

"மூணாவதா ஒரு கோடு போடு," என்றாள். "சும்மா டின்ல போட்டு மூடி வச்ச டொலர்."

போட்டேன். டின்னில் கிடந்த டொலரும் ஹந்தானை ஏறியது. அந்த வருடத்தில் இரண்டு ஃபண்டும் டின்னுக்குக் கீழே கிடந்தன. நான் காட்டியது ஃபண்டின் கெட்டித்தனத்தை அல்ல, நம் ரூபாய் விழுந்த அழகை. டொலரில் திருப்பிப் போட்டபோது, வட்டி சட்டென்று ஏறிய அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்று பெயரெடுத்த வீட்டுக்கடன் ஃபண்டும் பங்கோடு சேர்ந்து சறுக்கியிருந்தது.

"பி குடுத்தது யாரு உனக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

எனக்கு ரோசம். அடுத்த மூன்று நாளும் லஞ்ச் சாப்பிடும்போதும் அதே வேலை. பல வருடக் கணக்கு, இரண்டின் ஏற்ற இறக்கம், கட்டணம், வட்டி ஏறினால் எது எவ்வளவு ஆடும், டொலர் பலமானால் எது அடிவாங்கும். ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் இனிப் பிழையே இல்லை என்று ஒரு திமிர் வருமே, அது முழுசாக வந்திருந்தது. கடைசியில் ஏழு நிமிட வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பினேன். சுருக்கம் இவ்வளவுதான்: உனக்கு முப்பது வயசு, இந்தக் காசை முப்பது வருசத்துக்குத் தொடப்போவதில்லை, நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் உனக்கென்ன, ஆகவே சர்வதேசப் பங்கு. வீட்டுக்கடன் ஃபண்ட் ஓய்வெடுக்கக் கிட்டவான ஆட்களுக்கு.

அக்கா கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். ஏழு நிமிடத்தையும் அவள் கேட்டிருந்தால் முப்பது வருசம் என்ற இடத்திலேயே என்னை நிறுத்தியிருப்பாள். பிறகு ஒத்துக்கொண்டாள், ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை என்று.

ஞாயிறு பின்னேரம் வீடியோ கோல். அங்கே ஞாயிறு காலை. அக்கா துணி துவைக்கிற கடையில் இருந்தாள், பின்னால் மெசின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. படிவத்தை அன்றைக்கே நிரப்பி அனுப்பப்போவதாகச் சொன்னாள். கதை வழக்கம்போலக் கலியாணத்துக்குத் திரும்பியது. மாமா கண்டியில் ஹோட்டல் ஹோல் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். காணிக்காரர் வெள்ளிக்கிழமை சந்தையில் அம்மாவைக் கண்டு, முற்பணம் எப்போது என்று கேட்டாராம்.

"நான் சொல்லிட்டேன், யோசிக்காதீங்கன்னு," என்றார் அம்மா. "கலியாணத்தோட அந்தக் காசு வருமே."

"அத நம்பித்தானேம்மா ஆறு மாசமா சம்பளத்துல கூடுதலாப் புடிக்கச் சொல்லியிருக்கேன்," என்றாள் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. எந்தக் காசு என்று கேட்டேன்.

"நீ பாத்துக் குடுத்தியே, அந்தக் காசு தான்."

"அது ஓய்வூதியக் காசுக்கா."

"தெரியும்டி. பொம்பளைங்க கலியாணத்துக்கு எடுக்கலாம் தானே."

"அங்கயுமா?"

அக்காவுக்குப் பின்னால் ஒரு மெசின் சுற்றி முடித்து பீப் பீப் என்றது. அம்மாதான் பேசினார்.

"ஏன், நான் எடுக்கலயா? நீ லெப்டொப் வச்சிருக்குறது எது மேலன்னு பாரு."

பார்த்தேன். தையல் மெசின். கலியாணத்தோடு தோட்டத்து வேலையை விட்டபோது, கலியாணம் என்று காட்டி அம்மா எடுத்த ஈ.பி.எஃப். காசில் வாங்கியது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நம் நாட்டில் கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண்ணுக்கு அப்படி ஒரு சலுகை இருக்கிறது. பெரியம்மா எடுத்தார், மாமி எடுத்தார், பக்கத்து வீட்டு அக்காவும் எடுத்தார். சம்பளத்தில் பிடிக்கிற காசு என்றால் கலியாணத்துக்கு வரும் என்பது எங்களுக்கு மழை பெய்தால் மகாவலி ஆறு கலங்கும் என்கிற மாதிரி. யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆகவே யாரும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. பி.எச்.டி. முடித்தவளும் கேட்கவில்லை. நிதியில் பி எடுத்தவளும் கேட்கவில்லை. அம்மா அதைச் சொன்ன பிறகும் ஒரு கணம், ஆமாம், சரிதானே என்றுதான் எனக்கும் தோன்றியது.

கோலை வைக்காமலே அறுபத்து எட்டுப் பக்கக் கையேட்டைத் திறந்தேன். காசு எடுப்பது பற்றிய பகுதி நாற்பத்தோராம் பக்கத்தில் தொடங்கியது. சத்தமாக வாசித்தேன், அம்மாவுக்குத் தமிழில், அக்காவுக்கு அப்படியே. வயது அறுபதை நெருங்கினால் எடுக்கலாம். வேலையை விட்டால் எடுக்கலாம், ஆனால் அந்த வயதுக்கு முன்னால் என்றால் வரியும் தண்டமும் கழிப்பார்கள். நிரந்தரமாக இயலாமல் போனால் எடுக்கலாம். கடும் நெருக்கடிக்குக் கொஞ்சம் எடுக்க விண்ணப்பிக்கலாம். எது நெருக்கடி என்று ஒரு பட்டியல் இருந்தது. வைத்தியச் செலவு, வீட்டை விட்டு வெளியேற்றப்படாமல் தடுக்க, இறுதிச் சடங்கு.

கலியாணம் இல்லை. மேலேயும் கீழேயும் இரண்டு தரம் தேடினேன்.

"செத்த வீட்டுக்குத் தருவான், கலியாண வீட்டுக்குத் தரமாட்டானா?" என்றார் அம்மா. அம்மா பகிடிக்குக் கேட்கவில்லை.

அக்கா ஃபோனை அருகில் இருந்த கதிரையில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போனாள். எங்களுக்குக் கூரையும் ஒரு டியூப் லைட்டும் மட்டும் தெரிந்தன. அம்மா என்னைப் பார்த்தார். நான் லெப்டொப்பைப் பார்த்தேன். நான் இரண்டு வாரம் இரண்டு ஃபண்டை ஒப்பிட்டிருந்தேன், எப்போது இந்தக் காசு வேண்டும் என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நிதிப் பாடத்தில் முதல் நாளே சொல்லித்தருகிற கேள்வி அது.

திரும்பி வந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டே பேசினாள். குரலில் அழுகை இல்லை. பட்டியல் போடுகிற குரல். ஆறு மாதமாகக் கூட்டிப் பிடித்தது உள்ளே போய்விட்டது, அது போனது போனதுதான். வேலையை விட்டு, தண்டம் கட்டி எடுப்பதென்றால் வேலையும் போகும், விசாவும் போகும். அதற்காகக் காணி வாங்க முடியாது. கையில் தனியாக இருக்கிற சேமிப்பு டிக்கெட்டுக்கும் உடுப்புக்கும் சின்ன அளவில் ஒரு சாப்பாட்டுக்கும் காணும்.

"சர்ச் ஹோல் என்ன வெல?" என்று கேட்டாள்.

ஹோட்டல் ஹோல் அம்மாவின் ஆசை. அம்மாவின் கலியாணச் சாப்பாடு தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் மர வாங்குகளை வரிசையாகப் போட்டு நடந்தது. ஆனாலும், ஃபாதரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

"சரி, இப்ப சொல்லு," என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "முப்பது வருசம் தொடமாட்டேன்னு நீ தானே சொன்ன. இப்ப நெசமாவே முப்பது வருசம். எது?"

இந்த முறை நான் உடனே சொல்லவில்லை. கேள்வி இரண்டாகப் பிரிந்துவிட்டது என்றேன். உள்ளே மாட்டிய காசுக்கு என் பழைய பதில்தான், பங்கு. அடுத்த சம்பளத்திலிருந்து பல்கலைக்கழகம் தன் பங்கைப் போடுகிற அளவுக்கு மட்டும் பிடிக்கவை, மிச்சத்தைக் கையில் எடு. அந்த மிச்சம் காணிக்காக என்றால் இரண்டு ஃபண்டிலும் போடாதே. ஒரு வருடத்தில் வேண்டிய காசுக்கு வீட்டுக்கடன் ஃபண்டும் பாதுகாப்பில்லை, அது சறுக்கியதை நாமே பார்த்தோம். சாதாரண சேமிப்புக் கணக்கு போதும்.

"டின்னு," என்றாள் அக்கா.

"டின்னு தான். வட்டி தாற டின்னு."

அவள் நான் சொன்னபடி முழுசாகச் செய்யவில்லை. முக்கால் பங்கு சர்வதேசத்தில், கால் பங்கு வீட்டுக்கடனில் என்று போட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாத்தையும் உன்ன நம்பிப் போட நான் என்ன பைத்தியமா என்றாள். நியாயம்தான். பிடிக்கும் அளவை அதே படிவத்தில் குறைத்துவிட்டாள்.

மாப்பிள்ளையிடம் அவளே ஃபோனில் சொன்னாள். அவர், தானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம். அவருடைய தங்கச்சி கலியாணத்துக்கு ஈ.பி.எஃப். எடுத்துத்தான் அலுமாரியும் கட்டிலும் வாங்கியதாம். கணித வாத்தியாரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். வீடு கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, கலகெதரயில் வாடகைக்கு எடுப்போம் என்றிருக்கிறார். அக்கா இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் நிரந்தரமாகத் திரும்புவாள், அதுவரை தனக்கு ஓர் அறை போதும் என்றும்.

மாமாவுக்குத்தான் கோபம். ஹோட்டல்காரர் அட்வான்ஸில் பாதிதான் திருப்பித் தருவாராம். பிலிமத்தலாவைக் கடையில் சிமெந்து மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து என்னை ஏசினார். "நாலு வருசம் கம்பஸ்ல என்னடி படிச்ச?" என்றார். பேங்க் கடனை மாற்றிய அன்றைக்கு இதே மனிதர், மருமகள் கம்பஸ் படித்தவள் என்று கவுண்டரில் பெருமை பேசியவர்.

காணிக்காரரிடம் போகிற வேலை என் தலையில் விழுந்தது. பிழை விட்டவள் போகட்டும் என்று அக்காவின் தீர்ப்பு. சனிக்கிழமை போனேன். கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், வாங்க மகள் என்று இருக்கச் சொல்லி பிளேன்டீ தந்தார். கலியாணத்துக்குள் முற்பணம் தர முடியாது, இன்னும் ஒன்றரை வருடம் போனால் தரலாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன், இரண்டு ஃபண்ட், டின், நாற்பத்தோராம் பக்கம் எல்லாம். கடைசிவரை கேட்டார்.

"பொய் சொல்லாம வந்தீங்களே, அதுக்குச் சந்தோசம்," என்றார். "ஆனா மகள், நான் ஒண்டர வருசம் காத்திருக்க ஏலா. புள்ளட படிப்புக்கு வேணும். ஆள் வந்தா குடுப்பேன். வராட்டி உங்களுக்குத்தான்."

அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. அவருக்கும் காசு எப்போது வேண்டும் என்று ஒரு திகதி இருக்கிறது. அடுத்த கிழமையே காணி முகப்பில் தகரப் பலகை ஒன்று வந்துவிட்டது, மூன்று மொழியிலும் விற்பனைக்கு என்று, கீழே தொலைபேசி இலக்கத்தோடு.

கலியாணச் சாப்பாடு சர்ச் ஹோலில் என்று முடிவாகிவிட்டது. அம்மா கதிரைகளுக்கு உறை தைக்கிறார், ஆகவே எனக்கு மேசை கிடைப்பதில்லை. இதை ஒபிஸுக்குப் போகிற கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு ஃபோனில் அடிக்கிறேன். காலை ஏழே முக்கால், பஸ் இப்போதுதான் கெலிஓயாவைத் தாண்டியது. பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது.